போன காய்ச்சல் எங்கே போச்சு?

திருமுல்கேரியில் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. (பஸ்ஸில் திருமலகிரி என்று எழுதியிருக்கும். வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் அவன் உருமாற்றிவிட்டுப் போன பெயரையும் நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) பொட்டி தட்டுவது ஊருக்கு அந்தக் கோடியில், குடியிருப்பது கண்டோன்மென்ட் பக்கத்தில். நான், தங்கமணி, ஒரு பெண். அம்மா மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார். தினமும் சாயங்காலம் போன்.

சில வருடங்களுக்கு முன் பெண்ணுக்கு மலேரியா வந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ரத்தப் பரிசோதனையில் வைவாக்ஸ் என்று வந்தது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று குளோரோகுயின், மூன்று நாளைக்கு. இன்னொன்று ப்ரிமாகுயின், அதற்கு முன் ஒரு ரத்தச் சோதனை செய்துவிட்டு, பதினான்கு நாளைக்கு. "காய்ச்சல் விட்டாலும் இதை நிறுத்தக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். ஐந்தாம் நாள் பெண் ஓடியாட ஆரம்பித்துவிட்டாள். பொங்கலுக்கு ரயில் டிக்கெட் போட்டிருந்தோம். மாத்திரை அட்டை பத்திரமாக ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது. நாங்கள் ஊருக்குப் போய்விட்டோம்.

மூன்றாம் மாதம் திரும்பவும் அதே குளிர், அதே நடுக்கம். தப்பு முழுக்க எங்களுடையதுதான். போனில் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது:

"ஏம்ப்பா, காய்ச்சல் போயிட்டுன்னு சொன்னியே, போன காய்ச்சல் எங்க போச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நேரம் கிடைத்தபோதெல்லாம் படித்ததில் கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையின் ஒரு முனை கார்கானா, பாரடைஸ் வழியாகப் போனால் வரும் பேகம்பேட்டையில் இருக்கிறது. இன்னொரு முனை தார்நாக்காவைத் தாண்டி ஹப்சிகுடாவில் இருக்கிறது. இரண்டும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

ஓரணாவுக்கு ஒரு கொசுக்கடி

பேகம்பேட்டையில் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம் உண்டு. 2008-ல் ஷம்ஷாபாத் விமான நிலையம் வரும்வரை, ஊருக்குப் பறந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கும். ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் கண்ட இடம் அதுதான்.

ராஸ் 1857-ல் அல்மோராவில் பிறந்தவர். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் ராஜதானிக்கு வந்தார். 1895-ல் 19-வது மதராஸ் காலாட்படைக்கு மருத்துவராக சிகந்தராபாத்தில் போட்டார்கள். லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவர் அவர் மனதில் ஒரு யோசனையை விதைத்து அனுப்பியிருந்தார்: மலேரியாக் கிருமி மனித ரத்தத்திலிருந்து கொசுவுக்குள் போகிறதோ என்று.

இரண்டு வருடம் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவர் அறுத்ததெல்லாம் வேறு வகைக் கொசு, அதில் இந்தக் கிருமி வளராது. நடுவில் 1897-ல் ஊட்டி பக்கம் போனபோது சிகூர் மலைப்பாதையில் அவருக்கே மலேரியா வந்தது. ஆக, நம் நீலகிரி மலேரியாவும் இந்தக் கதையில் உண்டு.

சிகந்தராபாத்துக்குத் திரும்பியதும் இறக்கையில் புள்ளி உள்ள கொசுக்கள் கிடைத்தன. இன்று அனாஃபிலிஸ் என்கிறோம். ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியை அந்தக் கொசுக்கள் கடிக்கும்படி விட்டார். ஒரு கொசுவுக்கு ஓரணா கூலி. ஆகஸ்ட் மாதம், புழுக்கம். பங்கா போட்டால் கொசு பறந்துவிடும் என்று அதுவும் கிடையாது. வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது என்று பிறகு ராஸே சொல்லியிருக்கிறார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கறுப்புப் பொடி தூவியது போன்ற வட்டமான செல்களைப் பார்த்தார். அந்தக் கறுப்புப் பொடி மலேரியாக் கிருமியின் அடையாளம். உலகக் கொசு நாள் என்று ஆகஸ்ட் 20-ஐச் சொல்வது இதனால்தான்.

உடனே அவரை ராஜபுதனத்துக்கு மாற்றிவிட்டார்கள். (மேலதிகாரிகள் அன்றும் அப்படித்தான்.) 1898-ல் கல்கத்தாவுக்குப் போய், குருவிகளுக்கு வரும் மலேரியாவை வைத்து மிச்சத்தை முடித்தார். கிருமி கொசுவின் வயிற்றில் பெருகி, அதன் எச்சில் சுரப்பிக்குப் போய், அடுத்த கடியில் இறங்குகிறது. 1902-ல் நோபல் பரிசு.

ஹுசேன் கானுக்கு மொத்தம் சில அணாக்கள் கிடைத்தன. அவரைப் பற்றி வரலாறு அதற்கு மேல் பேசுவதில்லை.

சரி, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எச்சில் சுரப்பிக்கு வந்த கிருமி அங்கே நாள் கணக்கில் காத்திருக்கிறது. மனித உடம்புக்குள் போனதும் கல்லீரலில் மளமளவென்று பெருகுகிற அதே கிருமி, கொசுவுக்குள் மட்டும் ஏன் சும்மா இருக்கிறது? யார் அதை நிறுத்தி வைத்தது? 1898-ல் இதற்குப் பதில் தேட வழியே இல்லை. ஒரு செல் தன் வேலையை எப்படித் தொடங்குகிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

எங்கே தொடங்குவது?

செல்லின் எல்லா வேலையையும் புரதங்கள் செய்கின்றன. புரதம் செய்வதற்கான குறிப்பு டிஎன்ஏவில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நகல் எடுத்து வருவது தூது ஆர்என்ஏ. அந்த நகலைப் படித்துப் புரதம் கோர்க்கிற இயந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர். எழுத்தைப் படித்துப் பொருளாக மாற்றுவதால் இந்த வேலையை மொழிபெயர்ப்பு என்றே சொல்கிறார்கள்.

நம் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. தூது ஆர்என்ஏவும் அப்படித்தான். நான்கே எழுத்து, இடைவெளி இல்லாமல் ஓடும். மும்மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். "தம்பிஉப்புவாங்கு" என்று ஒரு ஓலையில் இருந்தால், முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்தால் "தம்பி உப்பு வாங்கு". ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினால் "ம்பிஉ ப்புவா ங்கு". உப்பும் வராது, தம்பியும் வரமாட்டான் :-)

ஆகவே சரியான இடத்தில் தொடங்குவதுதான் முக்கியம். ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு இது முதலில் உறைக்கவில்லை. 1961-ல் அமெரிக்காவில் நீரன்பர்க்கும் மத்தாயும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் செயற்கை ஆர்என்ஏவைக் கொடுத்துப் பார்த்தார்கள். புரதம் வந்துவிட்டது. மரபுக் குறியீடு உடைய ஆரம்பித்தது அந்தச் சோதனையில்தான். அதைத் தொடர்ந்த வேலைக்காக நீரன்பர்க்கும், நம் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும், ராபர்ட் ஹாலியும் 1968-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அந்த ஆரம்பகாலச் சோதனைக் குழாய்களில் மெக்னீசியம் தூக்கலாக இருந்தது. மெக்னீசியம் அதிகமானால் ரைபோசோம் முறையான தொடக்கம் இல்லாமலே எங்கேயாவது பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும். பேட்டரி தீர்ந்த வண்டியைத் தள்ளி ஓடவிடுவது போல. சாவி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

1964-ல் மார்க்கரும் சாங்கரும் பாக்டீரியாவில் தொடக்கத்துக்கென்றே தனியாக ஒரு மெத்தியோனின் இருப்பதைக் கண்டார்கள். மெத்தியோனின் என்பது புரத மாலையின் மணிகளில் ஒன்று, ஓர் அமினோ அமிலம். பிறகு ரைபோசோமை உப்புக் கரைசலில் நன்றாகக் கழுவிவிட்டு, மெக்னீசியத்தையும் குறைத்து, இயற்கையான ஆர்என்ஏவைக் கொடுத்தால் வேலை நின்றுபோவது தெரிந்தது. கழுவிய தண்ணீரைத் திரும்பச் சேர்த்தால் ஓடியது! அந்தக் கழுநீரில் இருந்த புரதங்கள்தான் தொடக்கக் காரணிகள். 1966 வாக்கில் செவெரோ ஓச்சோவா குழுவும் வேறு சில குழுக்களும் அவற்றைப் பிரித்தெடுத்தன. நம் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாதே என்று சொல்வது நினைவுக்கு வந்தது.

முயல் ரத்தத்தில் கிடைத்த சாவி

மனிதன், முயல், ஈஸ்ட், மலேரியாக் கிருமி போன்ற, கரு உள்ள செல்களில் இந்தத் தொடக்கம் இன்னும் சிக்கல். பத்துக்கும் மேற்பட்ட காரணிகள். அதில் நம் கதாநாயகன் இஐஎஃப்-2. அதாவது, கரு உள்ள செல்களின் தொடக்கக் காரணி எண் 2. 1970-களின் ஆரம்பத்தில் முயலின் இளம் சிவப்பணுக்களிலிருந்து இதைப் பிரித்தார்கள். இந்தியாவிலிருந்து போய் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நபா குப்தாவின் குழுவும் அதில் ஒன்று.

இதன் அமைப்பு: மூன்று புரதங்கள் சேர்ந்த கூட்டு. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர். காமாதான் கை. ஒரு பக்கம் ஜிடிபி என்கிற சக்தி மூலக்கூறைப் பிடித்திருக்கும், இன்னொரு பக்கம் முதல் மெத்தியோனினைச் சுமந்து வரும் சிறு ஆர்என்ஏவைப் பிடித்திருக்கும். ஆல்ஃபா பூட்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

வேலை இப்படி நடக்கும். இஐஎஃப்-2 முதல் மெத்தியோனினைக் கையில் பிடித்துக்கொண்டு ரைபோசோமின் சிறிய பாதியில் ஏறிக்கொள்கிறது. அந்தச் சிறிய பாதி தூது ஆர்என்ஏவின் முனையில் ஏறி, எழுத்து எழுத்தாக நகர்ந்து ஏ-யு-ஜி என்ற மூன்றெழுத்தைத் தேடுகிறது. அதுதான் பிள்ளையார் சுழி. கிடைத்தவுடன் நின்று, ஜிடிபி உடைந்து, இஐஎஃப்-2 இறங்கிக்கொள்கிறது. ரைபோசோமின் பெரிய பாதி வந்து மூடுகிறது. கோர்க்கும் வேலை ஆரம்பம்.

இறங்கிய இஐஎஃப்-2 செலவான ஜிடிபியோடு வருகிறது. பழைய ப்ரீபெய்ட் சிம் மாதிரி, திரும்ப ரீசார்ஜ் செய்தால்தான் அடுத்த வேலை. ரீசார்ஜ் செய்யும் கடைக்காரரின் பெயர் இஐஎஃப்-2பி. செல்லில் கடைக்காரர்கள் குறைவு, வாடிக்கையாளர்கள் அதிகம்.

இங்கேதான் பூட்டு வருகிறது. இளம் சிவப்பணு என்பது ஹீமோகுளோபின் தொழிற்சாலை. அதற்குப் புரதமும் வேண்டும், இரும்பு உள்ள ஹீம் என்ற பொருளும் வேண்டும். ஹீம் இல்லையென்றால் அந்த முயல் செல் சாற்றில் சில நிமிடங்களில் புரத உற்பத்தி நின்றுபோவதைப் பார்த்தார்கள். ஏன்? 1976-77-ல் எம்ஐடியின் இர்விங் லண்டன் குழுவும், பிரிட்டனில் டிம் ஹன்ட் இருந்த குழுவும் காரணத்தைப் பிடித்தன. ஹீம் குறைந்தால் ஒரு நொதி விழித்துக்கொண்டு இஐஎஃப்-2வின் ஆல்ஃபா பகுதியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அந்த இடம் இன்று செரின்-51 என்று அறியப்படுகிறது. பாஸ்பேட் ஒட்டியவர் ரீசார்ஜ் கடைக்குப் போய், கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். பின்னால் நிற்கும் வரிசை முழுக்க அப்படியே நிற்கும். கொஞ்சம் பேருக்கு ஒட்டினாலே போதும், கடை மூடியது போலத்தான்.

இதனால் செல் சாவதில்லை. சரக்கு வரும்வரை உற்பத்தியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குச் சிவப்பணு சிறுத்து, வெளிறி வருவதில் இந்த நொதிக்கும் பங்கு உண்டு. நம் பாலூட்டி செல்களில் இப்படிப் பாஸ்பேட் ஒட்டும் நொதிகள் நான்கு: ஹீம் குறைந்தால் ஒன்று, வைரஸ் வந்தால் ஒன்று, அமினோ அமிலம் குறைந்தால் ஒன்று, புரதம் மடிப்பதில் குளறுபடி வந்தால் ஒன்று. துன்பம் நாலு வகை, பூட்டு ஒன்று.

இந்த இடத்தில் ஹைதராபாத் வருகிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் கே.வி.ஏ. ராமய்யா, இர்விங் லண்டன் குழுவோடு சேர்ந்து இந்த ஒட்டும் வேலை பற்றி 1992-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். நாங்கள் சினிமாவுக்கும் பிரியாணிக்கும் கடந்து போகிற கச்சிபௌலி வளாகத்தில் அவருடைய ஆய்வுக்கூடம் பல ஆண்டுகள் இந்தப் புரதத்தையும் இந்தப் பூட்டையும் ஆராய்ந்திருக்கிறது.

சிதம்பரமும் ஹப்சிகுடாவும்

சாவி இருக்கிறது, பூட்டு இருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டாமா? இங்கே வருகிறவர் நமக்கெல்லாம் தெரிந்தவர். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே 1971-ல் இயற்பியல் பட்டம் வாங்கி, அமெரிக்கா போய், பிறகு 1999-ல் கேம்பிரிட்ஜில் சேர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2000-ல் அவர் குழு பாக்டீரியா ரைபோசோமின் சிறிய பாதியின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியது. 2001-ல் அதன் மேல் ஒரு தொடக்கக் காரணி எப்படி உட்கார்கிறது என்றும் காட்டினார்கள். அது எழுபது சொச்சம் அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம், ஐஎஃப்-1. இரண்டாவது அமினோ அமிலம் வர வேண்டிய இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி அது உட்கார்ந்திருந்தது. முதல் ஆள் ஒழுங்காக உட்காரும்வரை அடுத்த ஆள் ஏறக்கூடாது! 2009-ல் வேதியியல் நோபல் பரிசு, தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் சேர்த்து.

ஆனால் நம் இஐஎஃப்-2 இன்னும் மிச்சம். அதன் கூட்டு பெரியது, ஆட்டம் அதிகம், படிகமாக உறையவைப்பது கடினம். உறைநிலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் வழி பிறந்தது. 2014-ல் வெங்கியின் குழு, அமெரிக்காவின் ஹின்னபுஷ், லோர்ஷ் ஆகியோரோடு சேர்ந்து, ஈஸ்ட்டின் சிறிய பாதியில் இஐஎஃப்-2 முதல் மெத்தியோனினைப் பிடித்துக்கொண்டு ஏ-யு-ஜி மேல் நிற்கும் காட்சியைப் படமெடுத்தது. ஒரு மில்லிமீட்டரை இருபத்தைந்து லட்சமாகப் பிரித்தால் வரும் அளவுக்கு நுணுக்கம். அந்தக் கட்டுரையின் முதல் பெயர் தன்வீர் ஹுசேன். அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்தது ஹப்சிகுடாவில், சிசிஎம்பி என்று ஊரெல்லாம் சொல்லும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆசிரியரானார்.

அந்தக் கட்டடத்தை உப்பல் போகிற ரோட்டில் எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

கொசுவுக்குள் காத்திருந்தவன்

இப்போது ராஸ் விட்டுவிட்டுப் போன கேள்விக்குத் திரும்புவோம். எச்சில் சுரப்பியில் கிருமியை நிறுத்தி வைத்தது யார்?

2010-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் விக்டர் நுசன்ஸ்வைக் குழு எலி மலேரியாவில் பதில் கண்டது. கிருமியிடமும் இஐஎஃப்-2 உண்டு. கிருமியிடமும் அதில் பாஸ்பேட் ஒட்டும் நொதி உண்டு, பெயர் ஐகே-2. எச்சில் சுரப்பிக்கு வந்ததும் அந்த நொதி பூட்டைப் போட்டுவிடுகிறது. புரத உற்பத்தி அடங்கிவிடுகிறது. குறிப்புகள் கையில் தயாராக இருக்கும், படிக்க மட்டும் மாட்டான். அந்த நொதியை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? கிருமி பொறுமை இழந்து, கொசுவுக்குள்ளேயே கல்லீரல் வடிவத்துக்கு மாற ஆரம்பிக்கிறது. அப்புறம் கடித்தாலும் சரியாகத் தொற்றுவதில்லை.

ஆக, மலேரியாவின் பலமே காத்திருக்கத் தெரிந்திருப்பதில் இருக்கிறது. 2017-ல் இன்னொன்றும் தெரிந்தது. ஆர்ட்டிமிசினின் என்பது இன்றைய முக்கியமான மலேரியா மருந்து, சீனாவின் தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் வாங்கித் தந்தது. அந்த மருந்து படும்போது சில கிருமிகள் பிகே-4 என்ற வேறொரு நொதியால் இதே இஐஎஃப்-2வைப் பூட்டிக்கொண்டு, செத்தது போலக் கிடந்து, மருந்து இறங்கிய பின் எழுந்துகொள்கின்றன. அந்த நொதியைத் தடுத்தால் எழ முடிவதில்லை. இந்த வழியில் புதிய மருந்து வருமா என்று பார்க்கிறார்கள்.

என் பெண்ணுக்கு வந்த வைவாக்ஸின் கதையை இதோடு அப்படியே ஒட்டிவிடக் கூடாது. அதன் கிருமிகளில் ஒரு பங்கு கல்லீரலிலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூங்கும். இந்தத் தூங்கும் வடிவத்தைக் குரங்கு மலேரியாவில் க்ரோடோஸ்கி குழு 1980-ல்தான் கண்ணால் கண்டது. கொசுவுக்குள் போட்ட அதே பூட்டுதான் கல்லீரலிலும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குணம் ஒன்றுதான்: சாகவில்லை, தொடங்காமல் இருக்கிறது. குளோரோகுயின் ரத்தத்தில் ஓடுகிறவனை மட்டும்தான் பிடிக்கும். கல்லீரலில் தூங்குகிறவனைப் பிடிக்கத்தான் அந்தப் பதினான்கு நாள் ப்ரிமாகுயின். ஃப்ரிட்ஜ் மேல் நாங்கள் விட்டுவிட்டுப் போனது அதைத்தான்.

இரண்டாம் தடவை தங்கமணி காலண்டரில் பதினான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் பெண்ணையே டிக் அடிக்க வைத்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஊருக்கு வந்து திரும்பிய பிறகு மாதங்கள் கழித்துக் குளிர்காய்ச்சல் வந்தால், "இந்தியா போய் வந்தோம்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அங்கேயுள்ள டாக்டருக்கு மலேரியா உடனே தோன்றாமல் போகலாம். வைவாக்ஸ் என்றால், ப்ரிமாகுயினுக்கு முன் செய்ய வேண்டிய ஜி6பிடி ரத்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மாத்திரை ஆபத்து, ஆகவே டாக்டர் எழுதாமல் தொடாதீர்கள். எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள் என்று சொன்னாரோ அத்தனை நாளும் முடியுங்கள்.

போன வாரம் அம்மாவுக்குப் போனில் இவ்வளவையும் ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். ராஸ், முயல், சிதம்பரத்துக்காரர், ஹப்சிகுடா எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அது எங்கயும் போகலை. நீங்கதான் ஊருக்குப் போயிட்டீங்க" என்றார்.

அதுதான் சரியான பதில்.